எட்டாவது நிமிடத்து மேடு

ஜூலை 8, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக ஆடும் பீரோவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று அந்த இடத்தில் ஓர் ஓட்டுத்துண்டைச் செருகிவிட்டு இதை வெளியே எடுத்தேன். லேப் நோட்டில் எண்களை மட்டும்தான் எழுதலாம். வாய்விட்டுத் திட்டுவதற்கு எனக்கும் ஓர் இடம் வேண்டுமே.

என் வேலை என்னவென்று அண்ணிக்கு இருபது வருடமாக விளக்குகிறேன். இன்னமும் "ஜெசிந்தா ஆஸ்பத்திரில ரத்தம் எடுக்கா" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டைரிக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தம் எங்கள் லேபுக்கு வரும். அதை வேகமாகச் சுழலவிட்டால் சிவப்பு கீழே இறங்கி மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதுதான் பிளாஸ்மா. அதைச் சுத்தம் செய்து ஹெச்பிஎல்சி கருவிக்குள் செலுத்தினால், ஒரு திரவம் அதை மெல்லிய எஃகுக் குழல் வழியாகத் தள்ளிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். எங்கள் மாத்திரை வருவது எட்டாவது நிமிடம். அப்போது திரையில் ஓடும் கோடு மேடாக எழும்பும். மேடு உயரமென்றால் ரத்தத்தில் மருந்து அதிகம். குட்டையென்றால் குறைவு. அவ்வளவுதான் அண்ணி.

மேட்டை அளக்க முதலில் சமதரை வேண்டும். அதாவது எந்த மாத்திரையும் சாப்பிடாதவர்களின் பிளாஸ்மா. அதற்கு நாங்கள் பிளாங்க் என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய பிளாங்க் தீர்ந்துவிட்டது. ரத்த வங்கியில் வாங்கிப் பார்த்தால், யார் யாரோ எதற்கெதற்கோ விழுங்கிய மாத்திரைகளெல்லாம் வரிசையாக எழுந்து நிற்கின்றன. "நம்ம ரத்தத்தையே குடுப்போம். ஆறு பேர் வேணும்" என்றார் எங்கள் துறைத் தலைவர் சண்முகவடிவு மேடம். நாங்கள் ஐந்து பேர்தான் இருக்கிறோம். ஆறாவது ஆளைப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஜூலை 10, புதன்

எனக்கு ரத்தம் வரும் கண்ணாடிக் குழாய்களைத்தான் தெரியும், ஆட்களைத் தெரியாது. தெரிந்துகொள்வதும் இல்லை. குழாயில் எண் இருக்கும், அது போதும். ஆனால் ரத்தம் எடுக்கும் நர்ஸ் லீவு என்பதால் இன்று நானே ஊசியோடு நிற்க வேண்டியதாயிற்று.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், உலகம்மாள், ஐம்பத்தாறு வயது. கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. அவருக்கும் சேர்த்து அவர் கணவர் பேசினார். பெயர் அணைஞ்சபெருமாள். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க" என்று வாசலில் நின்ற நாலு பேரையும் பெஞ்சில் நெருக்கி உட்காரவைத்துவிட்டார். வரிசை ஒழுங்கானது. ஆனாலும் இது என் லேப். அவருடைய பஸ் இல்லை.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி இவங்களுக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"ஒண்ணும் நடக்கல எம்மா. அதான் தெரியல. பிள்ளைய ரெண்டும் நல்லா இருக்கு. வீட்ல ஒரு கொறையும் இல்ல. போன வருசம் மாசில ஒருநா காலைல எந்திரிக்கல. அன்னைலருந்து படுக்கைதான்."

சாயங்காலம் குழாயை ஓட்டினேன். தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால் மருந்தின் அளவு இருபது காட்ட வேண்டிய இடத்தில் பத்து. சரிபாதி.

ஜூலை 11, வியாழன்

மனநல டாக்டர் கோமதிநாயகம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு ஆள் மாறும் ஜெசிந்தா. ரெண்டு மடங்கு டோஸ் உள்ள மாத்திரையா மாத்திப் பாப்போம்" என்றார். தோசை மாவு புளித்துவிட்டது. இரண்டு நாள் தாங்கும் என்றாள் கடைக்காரி, பொய்க்காரி.

ஜூலை 24, புதன்

உலகம்மாள் மறுபடி வந்தார். சீவிச் சடை போட்டிருந்தார். போன முறை தலையில் எண்ணெயே இல்லை. இதையெல்லாம் எதற்குக் கவனித்தேன் என்று தெரியவில்லை.

அண்ணாச்சி வாசலில் ஒருவருக்கு எந்த பஸ் எந்த ஊருக்குப் போகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. "அண்ணாச்சி, நீங்க எதும் மாத்திரை சாப்பிடுதியளா?"

"நானா? தலவலிக்குக்கூட போட்டதில்ல. ஏன்?"

ஆறாவது ஆள் கிடைத்துவிட்டார். விஷயத்தைச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். "கடந்த இரண்டு வாரங்களில் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை" என்ற வரியில் ரொம்ப நேரம் நின்றார். கண்டக்டர் இல்லையா, எழுத்து என்றால் கவனம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உலகம்மாள்தான் வாயைத் திறந்தார். "அவிய ரத்தத்தை எதுக்கும்மா எடுக்கிய? அவியளுக்கு ஒண்ணுமில்லையே." முதன்முதலாக அவர் குரலைக் கேட்கிறேன். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சமாதானம் சொன்னேன். முகம் தெளியவில்லை.

உலகம்மாளின் அளவு: நாற்பது வரவேண்டும், வந்தது இருபத்தொன்று. மறுபடியும் பாதி.

ஜூலை 26, வெள்ளி

ஆறு பேருடைய பிளாஸ்மாவையும் ஒன்றாகக் கலந்து புது பிளாங்க் தயார் செய்து ஓட்டினேன். ஏழு நிமிடம் வரை கோடு சாதுவாகப் போயிற்று. எட்டாவது நிமிடத்தில் ஒரு சின்ன மேடு.

மருந்தே இல்லாத பிளாஸ்மாவில் மருந்து. கருவி அழுக்காக இருக்கும் என்று ஊசியிலிருந்து குழாய் வரை கழுவினேன். மறுபடி ஓட்டினேன். மேடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

எஃகுக் குழலை மாற்றியாயிற்று. திரவத்தைக் கொட்டிப் புதிதாகக் கலந்தாயிற்று. கண்ணாடிப் பாத்திரம் ஒவ்வொன்றையும் ஊறப்போட்டுத் தேய்த்ததில் என் விரல் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. வெறும் தண்ணீரை ஓட்டினால் கோடு சமதரை. பிளாங்கை ஓட்டினால் மேடு.

சண்முகவடிவு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம கருவி பொய் சொல்லுதுன்னா, ரெண்டு மாசமா குடுத்த ரிப்போர்ட் அத்தனையும் பொய். கோமதிநாயகத்துக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 30, செவ்வாய்

இன்றும் மேடு. மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பொய் எதற்கு, தயிர்சாதம் சாப்பிட்டேன். ஊறுகாயோடு.

ஜூலை 31, புதன்

கலப்பதற்கு முன் ஒவ்வொருவருடைய பிளாஸ்மாவிலும் கொஞ்சம் எடுத்துத் தனியாக உறையவைப்பது எங்கள் வழக்கம். ஐந்து நாள் பாத்திரம் தேய்த்தேனே ஒழிய அந்த ஆறு குட்டிக் குழாய்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. கருவியைச் சந்தேகப்பட்ட அளவுக்கு ஆட்களைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, அதுதான் விஷயம்.

ஒவ்வொன்றாக ஓட்டினேன். என்னுடையது சமதரை. மேடத்துடையது சமதரை. ஐந்தும் சுத்தம். ஆறாவதில் மேடு எழும்பியது பாருங்கள், சின்ன மேடு இல்லை, ஆள் உயரம். அளவு பத்தொன்பது. உலகம்மாளின் அன்றைய கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

மனைவிக்கு வர வேண்டிய பாதி எங்கே போயிற்று என்பது புரிந்துவிட்டது. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத மனிதர், நோயாளியின் மாத்திரையை எடுத்து விழுங்குகிறார். பேச்சு மட்டும் உள்ள வாங்க, உள்ள வாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். "கருவி மேல தப்பில்ல, அதுவரைக்கும் நிம்மதி" என்று மூச்சு விட்டார். பிறகு, "யாரோட ரத்தமோ, அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும். டாக்டர்கிட்டயும் கிடையாது, பொண்டாட்டிகிட்டயும் கிடையாது" என்றார். சரிதான். ஆனால் டாக்டர் அதற்குள் வேறு முடிவுக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை உலகம்மாளை வார்டில் சேர்க்கப் போகிறார்களாம். ஒரு மாதம் வைத்து, தினமும் நர்ஸ் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைத்துப் பார்ப்பார்களாம்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், முப்பது பேர் இருக்கும் வார்டில் ஒரு மாதம். இந்த மனிதர் செய்த வேலைக்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும். விட்டால் பாதி மறந்துபோகும். மறக்காது என்றும் தெரியும்.

காலை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணாச்சி கையில் ஒரு பெரிய பை. தலையணை, போர்வை, எவர்சில்வர் தம்ளர் எல்லாம் வார்டுக்கு. அவரை மட்டும் தனியே மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, உங்க ரத்தத்துல அக்காவோட மருந்து இருக்கு."

சிரிப்பு நின்றது. பையைக் கீழே வைத்தார். "எம்மா, இத உலகுட்ட சொல்லிராதீங்க" என்றார்.

ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து நாளாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். "நோயாளி மாத்திரைய எடுத்துத் திங்க எப்பிடி மனசு வந்துச்சு உங்களுக்கு? உங்களாலதான் அவங்க இன்னைக்கு வார்டுல படுக்கப் போறாங்க." அவர் தலை குனிந்து நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிடிபட்டவர்கள் அழுவார்கள்தானே என்று நினைத்தேன். கல்நெஞ்சு எனக்கு.

சேர்க்கும் முன் ஒரு ரத்தம் எடுக்க வேண்டும். உலகம்மாளை உள்ளே உட்காரவைத்துக் கையில் ரப்பரைக் கட்டினேன். அவராகவே பேசினார்.

"எம்மா, வார்டுல மாத்திரைய அவங்களே வாயில போட்டுருவாங்களா?"

"ஆமா அக்கா."

"ரெண்டா உடைச்சுக்கிட விடமாட்டாங்களா?"

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். "எதுக்கு உடைக்கணும்?"

அந்த அம்மாள் கதவைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய வந்தாதாம்மா அவியளுக்கு இந்தக் கேலி, பேச்செல்லாம். வீட்டுக்குள்ள வாயத் தெறக்க மாட்டாவ. சோத்தப் போட்டு வச்சா தட்டுல வெரலால கோடு போட்டுட்டே இருப்பாவ. நான் படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் கெடந்தேன். எனக்கு வந்ததேதான் அவியளுக்கும் வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, எனக்கென்னங்காவ. எனக்கு மட்டும் கொணமாயி நான் என்ன செய்ய? அதான் பாதிய நுணுக்கி, சாயங்காலக் காப்பில போட்டுக் குடுத்துருதேன்."

"எத்தன மாசமா?"

"மூணு மாசம். அவியளுக்குத் தெரியாது. தெரிஞ்சா குடிக்க மாட்டாவ. நீங்க சொல்லிராதீங்க."

படியில் அண்ணாச்சி சொன்ன அதே வார்த்தை. ரத்தம் எடுக்கவில்லை. ஐந்து நாள் அந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்தேன் என்று யோசித்துக்கொண்டே அந்த அம்மாள் கையில் கட்டிய ரப்பரை அவிழ்த்தேன். பிறகு இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கி, அதற்கு அரைமணி நேரம் கெஞ்சி, டாக்டர் கோமதிநாயகத்தின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அங்கே வேலையே இல்லை. போனேன்.

உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"தெரியும்" என்றார் அவர்.

"என்னத்த தெரியும்?" என்றார் உலகம்மாள்.

"மொத நாளே தெரியும். அந்தக் கசப்பு கசந்தா தெரியாதா? மாத்திரை அட்டையையும் பாத்தேன், ஒடச்ச தூளும் கெடந்துச்சு."

"பொறவு எதுக்குக் குடிச்சிய?"

"ஒரு வருசத்துக்கு மேல படுத்தே கெடந்த, உலகு. அன்னைக்கு நாலு மணிக்கு நீயா எந்திரிச்ச. அடுப்ப பத்தவச்ச. எனக்குன்னு ஒரு காப்பி போட்டுக் கொண்டுவந்த. கசந்தா என்ன, நீ எந்திரிச்சுல்லா போட்ட."

உலகம்மாள் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். "வாயத் தொறந்து சொல்லதுக்கு என்ன? இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டிருப்பேன்லா!" சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் திட்டத்தான் செய்தார். ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது ஆபத்து, வேறு வியாதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்து நிமிடம். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அண்ணாச்சியோடு மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். இருவரும் வெளியே வந்தபோது அண்ணாச்சிக்கென்று தனி ஃபைல் போட்டிருந்தார்கள். வார்டு வேண்டாம், ஆளுக்கு ஒரு மாத்திரை, இனி யாரும் எதையும் உடைக்கக்கூடாது.

அப்போதுதான் அண்ணாச்சி டாக்டர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். நான் கதவருகில் இருந்ததால் காதில் விழுந்தது.

"எனக்குன்னு தனியா எழுதாதீங்க சார். எனக்கு மருந்து குடுக்கணும்னுதான் அவ தெனமும் எந்திரிக்கா. நானே போட்டுக்கிட்டா அவ எந்திரிக்க என்ன இருக்கு?"

"எந்திரிப்பாங்க, முழு மாத்திரை வேலை செய்யும்" என்றார் டாக்டர். குரலில் உறுதி போதவில்லை.

நோயாளிகளுக்கு என் போன் நம்பரைக் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படிக்கட்டில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "சவத்த விடுங்க எம்மா. படிவத்துல நானும் பொய்க் கையெழுத்துல்லா போட்டேன். அவள மாட்டிவிடக்கூடாதுன்னு பாத்தேன்" என்றார். தலையணைப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாலரைக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "எந்திரிக்கல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

மேடத்தின் தம்பி ஆறாவது ஆளாக வந்து ரத்தம் கொடுத்தார். புது பிளாங்க் சமதரை. இதற்காக இரண்டு வாரம் ஏங்கினேன். இப்போது பார்த்தால் சந்தோஷம் ஒன்றும் பெரிதாக வரவில்லை.

சாயங்காலம் போன். "இன்னைக்கும் இல்ல எம்மா. சரின்னு நானே காப்பி போட்டுக் கொண்டு குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லால்லன்னுட்டா."

"அதையாவது சொன்னாங்கல்லா அண்ணாச்சி. நாளைக்கும் போட்டுக் குடுங்க."

"நாளைக்கும் நல்லா வராதே."

"வரவேண்டாம்" என்றேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

போன் வரவில்லை. ஐந்தரை வரை லேபில் இருந்தேன். எஃகுக் குழலைக் கழுவ வேண்டியிருந்தது. கழுவிய குழலையே இரண்டாம் முறை கழுவுகிறேன் என்று மேடம் கண்டுபிடித்துச் சிரித்தார்.

டாக்டரிடம் கேட்டேன், முழு அளவு வேலை செய்ய எத்தனை நாள் ஆகும் என்று. இரண்டு வாரம், மூன்று வாரம் என்றார். எனக்கு எதற்கு இந்த விவரம் என்று அவரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாலே காலுக்கு போன் அடித்தது. கையில் பிளாஸ்மாக் குழாய், கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு எடுத்தேன். மறுமுனையில் குசுகுசுவென்று ஒரு குரல். யாரென்றே முதலில் தெரியவில்லை.

"எம்மா, அடுப்படில சத்தம் கேக்கு."

"யாரு அண்ணாச்சி?"

"வீட்ல வேற யாரு இருக்கா? நான் வாசப்பக்கம் உக்காந்திருக்கேன். எந்திரிச்சுப் போய்ப் பாக்கப் பயமாருக்கு. பாத்தா திரும்பப் போய்ப் படுத்துருவாளோன்னு."

குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கேட்டேன். ஒரு பாத்திரம் உருண்டது. தண்ணீர் விழுந்தது. பிறகு உலகம்மாளின் குரல், நான் இதுவரை கேட்டிராத அதட்டலோடு: "அங்க யாருகிட்ட குசுகுசுன்னு பேசுதிய? வடிகட்டிய எங்க கொண்டு வச்சிய? நேத்து மனுசன் குடிக்கிற காப்பியா போட்டிய?"

போனில் அண்ணாச்சி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அண்ணாச்சி, பதில் சொல்லுங்க. உங்களத்தான் கேக்காங்க" என்றேன்.

"வாரேன் உலகு, எடுத்துத் தாரேன்" என்றார் அவர். போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை.